சயாம் பூனையின் முதுகில் இரண்டு விரற்கடை

பூனை என்றாலே எனக்கு எரிச்சல் வரும். பூனை எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. பூனை வளர்த்த இரண்டு பேர் செய்தார்கள். அந்தக் கோபத்தை வாயில்லாத பிராணிமேல் காட்டுவது நியாயமில்லைதான். ஆனாலும் இன்றுவரை யார் வீட்டிலாவது பூனை வந்து காலை உரசினால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறேன்.

ஐம்பதுகளில், பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து நான் மலையேறிப் போனது தமிழ் சொல்லிக் கொடுப்பதற்காக. சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதன் பெரிய துரைக்குத் தமிழ் வரும், அதாவது அதட்டுகிற அளவுக்கு வரும். அவர் மனைவிக்கு, எஸ்டேட்டே துரைசாணி என்று அழைத்த அம்மாளுக்கு, ஒழுங்கான தமிழ் படிக்க ஆசை வந்துவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த தமிழ் வாத்தியார் ஒருவன் சித்தூரில் தற்காலிக வேலை முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்க ஓர் அறை கொடுத்தார்கள், போர்த்திக்கொள்ள ஒரு கம்பளியும், மொழி வாத்தியாருக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ‘முன்ஷி’ என்ற பட்டமும் கொடுத்தார்கள். நிலக்கடலை காய்கிற வெயிலில் வளர்ந்த உடம்பு என்னுடையது. அந்தக் குளிர் என்னை வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

முதல் நாள் நான் ‘அ’ என்று தொடங்குவதற்குள் மேசைமேல் ஒரு பூனை ஏறி உட்கார்ந்தது. உடம்பு பாலாடை நிறம். முகம், காது, பாதங்கள், வால் மட்டும் கரும்பழுப்பு. கண் இரண்டும் நீலம். அடுப்புக்குள் தலையை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்து, “ஏனுங்க, இதுக்கு மூஞ்சி கழுவி உட ஆளில்லீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. புரியாமலே விட்டிருக்கலாம். நான் ஒரு அசடு, இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன்.

அன்றைய பாடம் அத்தோடு போயிற்று. அது சயாம் தேசத்து ஜாதிப் பூனை, மதராஸிலிருந்து கூடையில் வந்தது, அதன் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் சீமையில் பதிவாகியிருக்கிறது என்று துரைசாணி மூச்சுவிடாமல் சொன்னாள். என் பூட்டன் பேர் எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. முகத்தில் இருப்பது கரியில்லை, அதுதான் அந்த இனத்தின் அடையாளம், அந்த நிறத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். யோசித்து, “புளியங்கொட்டை நிறம்” என்றேன். அந்த வார்த்தையை அவள் வாயில் வரவழைக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ‘வணக்கம்’ வருவதற்கு முன்னால் அவளுக்குப் ‘புளியங்கொட்டை’ வந்தது.

இதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து எஸ்டேட்டிலும் ஒரு துரைசாணி இருந்தாள். அவளிடமும் ஒரு சயாம் பூனை இருந்தது. அந்தப் பூனைக்கு முகமும் காதும் வாலும் சாம்பல் நிறம். வாரம் ஒருமுறை அவள் தன் பூனையோடு ஜீப்பில் வந்து இறங்குவாள். கணப்புக்கு எதிரே இரண்டு நாற்காலி, இரண்டு பூனை, ஒரே சண்டை.

எங்கள் துரைசாணியின் கட்சி, புளியங்கொட்டைதான் அசல் சயாம் என்பது. சாம்பல் என்பது சாயம் வெளுத்துப்போனது, அதை அந்த இனத்தில் சேர்ப்பதே தப்பு என்பாள். மற்றவள் சீறுவாள். சாம்பலையும் சீமையில் முறைப்படி ஏற்றுக்கொண்டாகிவிட்டது, மலைமேல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை என்பாள். பிறகு எங்கள் பூனையைக் குனிந்து பார்த்து, “வந்தபோது உடம்பு வெளுப்பாக இருந்தது. இப்போது வரவர மங்குகிறதே. ரத்தத்தில் ஏதோ கலப்பு இருக்கும்” என்று ஒரு போடு போடுவாள். எங்கள் துரைசாணி தேநீர்க் கோப்பையை டக்கென்று மேசைமேல் வைப்பாள்.

ஒரு தடவை என்னை நடுவராக்கினார்கள். “முன்ஷி, நீங்கள் இரண்டு பக்கமும் சேராதவர். எது அசல், சொல்லுங்கள்.” இரண்டும் எனக்குப் பூனை மாதிரித்தான் தெரிகிறது என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சைத்தான் கேட்டு வளர்ந்தேன். அசல், கலப்பு, ரத்தம், பூட்டன் பேர் எல்லாம் அங்கேயும் உண்டு. அங்கே அதை மனிதர்களைப் பற்றிப் பேசுவார்கள். அதிலிருந்து தப்பித்து மலையேறி வந்தவனுக்கு இங்கே பூனை வடிவத்தில் அதே சனியன்.

அந்த வீட்டில் எனக்கு மனிதனாகத் தெரிந்தவர் சமையல்காரர் ஒருவர்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாகக் குடியிருந்தார். பங்களா வேலை இருக்கும்வரைக்கும்தான் அந்த அறை. எஸ்டேட் பதிவேட்டில் பேர் வெட்டினால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அந்தப் பயம் அவர் தோளில் கிடந்த துண்டு மாதிரி எப்போதும் அவரோடேயே இருந்தது. எனக்கு ஒரு தம்ளர் காப்பி அதிகமாக ஊற்றினால்கூட வாசலைப் பார்த்துக்கொண்டுதான் ஊற்றுவார்.

அந்த வருஷ மழையில் பெரிய துரை பல் வைத்தியத்துக்காக மதராஸ் போனார். துரைசாணியும் கூடப் போனாள். போகும்போது சமையல்காரரை நிறுத்தி, நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே சொன்னாள்: “பூனை நல்லா இருக்கணும். பூனை நல்லா இல்லே, நீ இங்கே இல்லே.” உச்சரிப்பில் பிழை ஒன்றுகூட இல்லை. வாத்தியார் என்ற முறையில் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே எனக்கும் ஊரிலிருந்து, அப்பாவுக்கு முடியவில்லை என்று ஆள் வர, எருத்தேன்பதிக்கு இறங்கிவிட்டேன். ஆறேழு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மழை குறைந்திருந்தது. துரையும் துரைசாணியும் வந்துவிட்டிருந்தார்கள். பங்களாவுக்குள் நுழையும்போதே கத்தல் கேட்டது.

துரைசாணி பூனையை மடியில் குப்புறப் போட்டுப் பிடித்திருந்தாள். தோளுக்குச் சற்றுக் கீழே, முதுகில், பாலாடை நிறத்துக்கு நடுவே இரண்டு விரற்கடை அகலத்துக்கு முடி கரும்பழுப்பாக இருந்தது. முகத்தில் இருந்த அதே நிறம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லையாம். பக்கத்து எஸ்டேட் துரைசாணியும் வந்திருந்தாள். இந்த மாதிரி விஷயத்துக்கு அவளுக்குச் சொல்லி அனுப்பவே வேண்டாம். மழை விட்டதும் கிளப்பில் மலர்க் கண்காட்சி. அதோடு சேர்த்து இரண்டு பூனைகளையும் ஒரு நடுவர் முன்னால் நிறுத்துவதென்று இருவரும் சவால் விட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பூனை முதுகில் இப்படி ஒரு திட்டு.

“நான் சொன்னேனே, கலப்பு என்று. உள்ளே இருந்தது வெளியே வருகிறது” என்றாள் மற்றவள்.

எங்கள் துரைசாணி அதைக் காதில் வாங்காமல் என்னிடம் திரும்பினாள். “இவன் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியிருக்கிறான். கேளுங்கள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்லுங்கள்.”

சமையல்காரர் சுவரோடு ஒட்டி நின்றார்.  “ஏனுங்ணா, என்ன நடந்துதுன்னு அப்படியே சொல்லிப்போடுங்க. பயப்படாதீங்க” என்றேன். பயப்படாதே என்று சொல்லுகிறவனுக்கு என்ன, பேர் வெட்டப்போவது அவனுடையதா?

“முன்ஷியய்யா, அவுக போன மறுநாள்ல இருந்தே பூனை ஒண்ணுந் திங்கல. பாலு வச்சேன், மீனு அவிச்சு வச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிடுதுய்யா. வெறும் தண்ணியாக் கக்குது. செத்துப்போச்சுன்னா எம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இந்த மழையில நான் எங்கன போவேன்? அதான் அம்மங்கிட்டப் போயி, தாயே, இதக் காப்பாத்திக் குடு, முடி எறக்குதேன்னு நேந்துக்கிட்டேன்.”

“யாரோட முடியைங்ணா?”

“பூனையோட முடியத்தான். நோவு யாருக்கோ அவுக முடியத்தான குடுக்கணும்? பிள்ளைக்கு நோவுன்னா பிள்ளைக்குல்லா மொட்டை போடுதோம்.”

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று கேட்டால் என்னாலும் காட்ட முடியாது. பழனிக்கும் மருதமலைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அவருக்கு மாறாகச் சொல்லமாட்டார்கள். பூனை மூன்றாம் நாள் எழுந்து மீன் தின்றிருக்கிறது. நேர்ந்ததைச் செய்தாக வேண்டும். எஸ்டேட் நாவிதர் பூனைக்குச் சிரைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முழு மொட்டை போட்டால் துரைசாணி கண்ணில் பட்டுவிடும். ஆகவே துரையின் சவரக்கத்தியை எடுத்து, முதுகில் இரண்டு விரற்கடை மட்டும் வழித்து, அந்த முடியை வெற்றிலையில் வைத்துக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் வருவதற்குள் முளைத்து மூடிவிடும் என்று கணக்கு. முளைத்தது, ஆனால் கறுப்பாக முளைத்தது.

ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பெண்களும் ஒத்துப்போனார்கள்.

“பொய்” என்றாள் எங்கள் துரைசாணி.

“அப்பட்டமான பொய். சிரைத்த முடி பழைய நிறத்தில்தானே முளைக்கும். உன் கணவர் தினமும் சவரம் செய்கிறார், தாடி பச்சையாகவா வருகிறது?” என்றாள் மற்றவள்.

“இவர் பொய் சொல்லுகிறவர் இல்லை” என்றேன். “நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்” என்று பதில் வந்தது.

சமையல்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அந்த வேலையை எங்கள் துரைசாணியே செய்துகொண்டாள். “நாளைக்கு நீ இங்கே இல்லே” என்றாள், தெளிவான உச்சரிப்பில்.

மறுநாள் காலையில் மழைத் தூறலில் அவர் குடும்பத்தோடு இறங்கிப்போனார். மனைவி தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. சின்னப் பெண்ணின் கையில் அம்மிக் குழவி. வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் துரையிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். “பங்களா விஷயத்தில் நான் தலையிடுவதில்லை” என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். எட்டு மலை பரந்த எஸ்டேட்டைக் கட்டி ஆள்கிற ஆள் பேசுகிற பேச்சைப் பாருங்கள். அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பேன். அப்பாவின் வைத்தியச் செலவு என் கையைக் கட்டிப்போட்டது.

சில மாதங்களில் மழை நின்று கிளப்பில் கண்காட்சி வந்தது. புதுச் சமையல்காரனுக்குப் பூனை என்றால் பயம். பூனைக்கு என்னிடம் பழக்கம் இருக்கிறதாம். எனவே தமிழ் முன்ஷியாகிய நான் பூனைக்கூடையைச் சுமந்துகொண்டு, டேலியாப் பூக்களுக்கும் ரோஜாக்களுக்கும் நடுவே நின்றேன். அதற்குள் முதுகுத் திட்டில் பாதிக்குமேல் முடி உதிர்ந்து வெளுப்பாக முளைத்துவிட்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்த்துத் துரைசாணிக்கு ஏக சந்தோஷம்.

நடுவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு கிழ வெள்ளைக்காரர், மிருக வைத்தியம் படித்தவர். இரண்டு பூனைகளையும் புரட்டிப் பார்த்தார். சாம்பலும் அசல், பழுப்பும் அசல், பிறப்பிலேயே அப்படி அப்படி என்றார். “அப்படியானால் இதன் உடம்பு ஏன் வரவர மங்குகிறது?” என்று பக்கத்து எஸ்டேட்காரி விடாமல் கேட்டாள். அவர் சிரித்தார்.

“அம்மா, இந்த இனத்துக்கு நிறம் தோலின் சூட்டைப் பொறுத்தது. உடம்பில் குளிர்ச்சியான இடத்தில் முடி கறுப்பாக வரும். அதனால்தான் மூக்கு, காது, பாதம், வால். கதகதப்பான இடத்தில் வெளுப்பாக வரும். இந்தக் குளிரில் வைத்து வளர்த்தால் உடம்பும் மங்கத்தான் செய்யும். கலப்புமில்லை, ஒன்றுமில்லை. எங்கேயாவது கொஞ்சம் சிரைத்துவிட்டுப் பாருங்கள், குளிர் பட்டு அந்த இடம் முகத்தைப் போலவே கறுத்து முளைக்கும். அப்புறம் முடி உதிர்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிடும்.”

 நான் எங்கள் துரைசாணியைப் பார்த்தேன். அவளும் கேட்டாள். ஒரு கணம் அவள் கை பூனையின் முதுகில், அந்த இடத்திலேயே நின்றது. பிறகு, “பார்த்தாயா, என் பூனையில் கலப்பில்லை!” என்று மற்றவள் தோளில் தட்டினாள். “சாம்பலும் அசல் என்றாரே, அதையும் கேட்டாயல்லவா?” என்றாள் அவள். இருவரும் ஜெயித்துவிட்டார்கள். இருவரும் கைகோத்துக்கொண்டு கேக் தின்னப் போனார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அந்தச் சமையல்காரர் சொன்னது உண்மை. அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்” என்றேன்.

“ஆமாம், பாவம்” என்றாள் துரைசாணி. உண்மையாகவே முகம் வாடித்தான் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், “ஆனால் என் கணவரின் சவரக்கத்தியை எடுத்திருக்கிறானே, முன்ஷி. அது சரியா?” என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “புதிய ஆள் புட்டிங் நன்றாகச் செய்கிறான்” என்றாள். கூடைக்குள் பூனை குழந்தை மாதிரி கத்திக்கொண்டே வந்தது. எனக்கும் சேர்த்து அதுவே கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கும் அதற்குள் உடம்பு தேறியிருந்தது, அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். நேரே எருத்தேன்பதிக்கு இறங்கவில்லை. வண்டன்மேட்டுக்குப் போய் விசாரித்து, ஏலக்காய் உலர்த்துகிற ஒரு கொட்டகையில் அவரைக் கண்டுபிடித்தேன். அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். தலை வழுவழுவென்று புது மொட்டை. கொட்டகைக்குப் பக்கத்தில் சாக்குப் படுதா தொங்கவிட்ட ஒரு மறைப்பில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து இருந்தார்கள். உள்ளே சின்னப் பெண் விடாமல் இருமுவது கேட்டது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பூனையைப் பற்றியது.

“முதுகு வெளுத்திருச்சா முன்ஷியய்யா?”

“வெளுத்துப்போச்சுங்ணா. இப்ப இடமே தெரியறதில்லீங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். “அப்ப அம்மன் பொறுத்துக்கிட்டா. முழுசா முடி எறக்குதேன்னு நேந்துக்கிட்டு ரெண்டு விரக்கடையக் குடுத்து ஏமாத்துனேம்லா? சாமியவே ஏமாத்துனா சும்மா விடுவாளா? அதான் கறுப்பா மொளைக்க வச்சுக் காட்டிக் குடுத்துட்டா. அதான் பேரும் போச்சு. மிச்சத்துக்கு இங்கன வந்து எந் தலையக் குடுத்துட்டேன். இனிமே ஒரு பாக்கியும் இல்லய்யா. சரியாப்போச்சு.”

அவர் அதை நிம்மதியாகச் சொன்னார். உள்ளே அந்தப் பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறது, இவர் சரியாகப்போயிற்று என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாத் தப்பையும் இந்த மனுஷன் தன் தலையிலேயே அள்ளிப் போட்டுக்கொள்வதா? அங்கே அவர்கள் கேக் தின்றுகொண்டிருப்பதா?

“சாமியுமில்லை, கோபமுமில்லீங்ணா” என்று படபடவென்று சொல்லத் தொடங்கினேன். நடுவர் வந்ததைச் சொன்னேன். குளிர் பட்டால் கறுத்து முளைப்பது, சூடு பட்டால் வெளுப்பது, எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். “நீங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க. அந்த அம்மாவே காதால கேட்டுது. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லீங்ணா.”

கையில் பிடித்த விறகோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். விறகைக் கீழே வைத்தார். படுதாவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் அவரிடம் பயத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கோபத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“அப்ப எம் பேர எதுக்குய்யா வெட்டுனாவ?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.